ஆடாதோடையிலிருந்து அம்ப்ராக்சால் வரை: நடுக்குவாத மருத்துவ வரலாற்றில் ஓர் ஏடு

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையோரத்துத் தோட்ட வேலிகளிலும் வாய்க்கால் கரைகளிலும் யாரும் நீர் ஊற்றாமலே தழைத்து நிற்கும் செடிகளுள் ஆடாதோடையும் ஒன்று. ஈட்டி முனை போன்ற நீண்ட இலை. பிளந்த வாயைப் போன்ற வெண்ணிறப் பூ. எதைக் கண்டாலும் கடிக்கும் ஆடும் இதன் கசப்புக்கு அஞ்சி விலகிச் செல்லும். ஆடு தொடாத இலை என்பதே ஆடாதோடை ஆயிற்று என்று நம் வைத்தியர்கள் பெயர்க்காரணம் கூறுவர். வடநாட்டு யூனானி ஹகீம்கள் இதனை அடூசா என்பர். சாரல் காலம் தொடங்கிவிட்டால் இவ்வட்டாரத்தில் பல வீடுகளில் இதன் இலை தேனும் மிளகும் சேர்ந்து கஷாயமாகக் கொதிக்கும். சளிக்கும் இருமலுக்கும் இதனைவிட்டால் வேறு மருந்தில்லை என்பது நம் பாட்டிமார்களின் துணிபு.

இந்த இருமல் மருந்தைப் பற்றி நாம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கேள்வி. தென்காசியில் நாம் நன்கறிந்த முதிய ஹஜ்ரத் ஒருவர் பல ஆண்டுகளாகக் கைநடுக்கத்தால் துன்புறுகிறார். குர்ஆனை மனனம் செய்த ஹாபிழ். நடுக்கத்தை அவருடைய குடும்பத்தார் பழகிக்கொண்டார்கள். தேநீர்க் குவளையைப் பாதிமட்டும் நிரப்பிக் கொடுப்பார்கள். சட்டைப் பொத்தானை மகன் மாட்டிவிடுவார். ஆனால் சென்ற ஓராண்டாக, ஓதிக்கொண்டிருக்கும்போதே இடையில் நின்று, எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் விழிக்கத் தொடங்கியபோது வீடே கலங்கிவிட்டது. அவருடைய மகன் ஒரு நாளிதழ்த் துணுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். "இருமல் மருந்து மூளையைக் காக்கிறதாமே, அது ஆடாதோடையிலிருந்து வந்ததுதானாமே, வாப்பாவுக்குக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். ஒரு சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வியன்று இது. அதன் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. அதன் சில பக்கங்கள் இந்த மலையடிவாரத்துக்கும் நம் முன்னோர் மருத்துவத்துக்கும் உரியவை.

நடுக்கம் என்னும் நோய்க்குறி மருத்துவ உலகுக்குப் புதியதன்று. இப்னு சீனா அவர்கள் (ஹிஜ்ரி 428, கி.பி. 1037இல் மறைவு) தம்முடைய அல்கானூன் நூலின் மூன்றாம் பகுதியில், நரம்பு நோய்களின் வரிசையில், 'ரஃஷா' என்னும் நடுக்கத்தை ஆராய்கிறார்கள். நம் சித்த வைத்தியர்கள் நடுக்குவாதம் என்றனர். ஆயுர்வேதத்தார் கம்பவாதம் என்றனர். இவையெல்லாம் இன்று பார்க்கின்சன் நோய் எனப்படும் ஒரே நோயைத்தான் குறித்தன என்று அடித்துக் கூறுவாரும் உளர். நாம் அவ்வளவு துணிய மாட்டோம். முதுமை நடுக்கம், குடிநடுக்கம், நச்சு நடுக்கம் என எத்தனையோ நடுக்கங்கள் அந்தச் சொற்களுக்குள் அடங்கியிருந்தன.

இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் வெளியிட்ட சிறு நூலில்தான் இந்நோய் தனியாகப் பிரித்துக் காட்டப்பட்டது. அவர் விவரித்தவர்கள் ஆறே பேர். அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டு கவனித்திருந்தார். நடுக்கத்தையும் கூனலையும் ஓட்டநடையையும் வியக்கத்தக்க நுட்பத்துடன் எழுதிய அவர், ஒன்றில் மட்டும் வழுவினார். இந்நோயில் புலன்களும் அறிவும் கெடுவதில்லை என்று எழுதிவைத்தார். அக்கூற்று நெடுங்காலம் மருத்துவர்களின் மனத்தில் நிலைத்தது. நீண்ட காலம் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆஸ்திரேலியாவின் சிட்னி ஆய்வு 2008இல் வேறொன்றைச் சொன்னது: நோய் கண்ட பின் இருபதாண்டு உயிர்வாழ்ந்தவர்களுள் 83 விழுக்காட்டினருக்கு அறிதிறன் சிதைந்திருந்தது. முதலில் கெடுவது பெரும்பாலும் நினைவன்று; கவனம், ஒழுங்குபடுத்தும் ஆற்றல், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மனத்தைத் திருப்பும் திறன் ஆகியவையே. ஹஜ்ரத் ஓதும்போது வசனத்தை மறக்கவில்லை. எடுத்துக்கொடுத்தால் மடைதிறந்தாற்போல் தொடர்ந்தார். அடுத்த படிக்குத் தாமாகக் கால்வைக்க முடியாமற் போனதே அவருடைய இடர்.

இனி மலைக்கு வருவோம். கடையத்துக்கு அருகிலுள்ள தோரணமலையில் தேரையர் வாழ்ந்தார் என்பதும், மன்னன் ஒருவனின் மண்டைக்குள்ளிருந்த தேரையைத் தண்ணீர் காட்டி வெளியே குதிக்கச் செய்தார் என்பதும் இவ்வட்டாரத்தில் வழங்கும் கதை. இராமதேவர் மக்கா சென்று யாக்கோபு சித்தர் ஆனார் என்னும் மரபுச் செய்தியையும் நம்மில் பலர் கேட்டிருப்போம். இவற்றைச் சரித்திரமாகக் கொள்ளாவிட்டாலும், மருந்து அறிவு மதத்தையும் மொழியையும் கடந்து கைமாறியதற்கு இவை சாட்சி சொல்கின்றன. செடிகளும் அவ்வாறே குடிபெயர்ந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் சாதிக்காயும் கிராம்பும் வளர்த்துப் பார்த்தது அதற்கொரு சான்று. மருந்துகளும் குடிபெயர்கின்றன, ஒரு நோயிலிருந்து இன்னொரு நோய்க்கு. நடுக்குவாத வரலாற்றில் அத்தகைய குடிபெயர்வுகள் பல. அவற்றுள் மூன்று, மேற்குத் தொடர்ச்சி மலையும் அதன் அடிவாரமும் அறிந்த செடிகளிலிருந்து புறப்பட்டவை.

முதலாவது சர்ப்பகந்தி. பாம்புக்கடிக்கும் மனப்பிறழ்ச்சிக்கும் உறக்கமின்மைக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் பயன்படுத்திய வேர் இது. டில்லியில் திப்பிய்யாக் கல்லூரியை நிறுவிய ஹகீம் அஜ்மல் கான் அவர்கள், யூனானி மருந்துகளை நவீன வேதியியலின் துணையால் சோதிக்க வேண்டும் என்று விரும்பி, ஜெர்மனியில் பயின்ற சலீமுஸ்ஸமான் சித்தீக்கி என்னும் இளைஞரை அப்பணிக்குத் தேர்ந்தார்கள். ஹகீம் அவர்கள் 1927இல் மறைந்தார்கள். 1931இல் சித்தீக்கி சர்ப்பகந்தி வேரிலிருந்து பிரித்தெடுத்த காரப்பொருளுக்கு 'அஜ்மலின்' என்று பெயரிட்டுத் தம் புரவலருக்கு நன்றி செலுத்தினார். தம் மரபின் மருந்தைப் போற்றிய ஹகீம் ஒருவர், அதனைச் சோதனைக்கு உட்படுத்துவதே அதற்குச் செய்யும் மரியாதை என்று கருதியது நம் சமுதாயத்தின் அறிவு வரலாற்றில் உரிய கவனம் பெறாத செய்தி.

அதே வேரிலிருந்து 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரிசர்ப்பின் என்னும் மற்றொரு பொருளைப் பிரித்தனர். இரத்த அழுத்தத்துக்கும் மனநோய்க்கும் அது உலகெங்கும் வழங்கப்பட்டது. உண்டவர்களுள் சிலருக்கு நடுக்குவாதம் போன்ற விறைப்பும் மந்தமும் தோன்றின. தீங்கு என ஒதுக்கத்தக்க இந்தக் குறிப்பே கதவைத் திறந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் ரிசர்ப்பின் கொடுத்து அசைவிழக்கச் செய்த முயல்களுக்கு 1957இல் லெவோடோப்பாவைச் செலுத்தினார். அவை மீண்டும் எழுந்து நடமாடின. மூளையில் டோப்பமின் என்னும் பொருள் குறைவதே அசைவிழப்பின் காரணம் என்பது இதனால் துலங்கிற்று. 1960இல் வியன்னாவில் ஹார்னிக்கியெவிச் நடுக்குவாதத்தால் இறந்தோரின் மூளையில் அக்குறைவை நேரிலேயே கண்டார். கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்த லெவோடோப்பா எங்கிருந்து வந்தது? இங்கேதான் இரண்டாவது செடி வருகிறது. உடலில் பட்டால் அரிப்பெடுக்கச் செய்யும் சுணை நிறைந்த பூனைக்காலி. இதன் விதை ஹகீம்களிடமும் சித்த வைத்தியர்களிடமும் பெரும்பாலும் ஆண்மை பெருக்கும் லேகியங்களில் இடம்பெற்றது. 1913இல் சுவிட்சர்லாந்தில் குக்கன்ஹைம் என்பவர் ஒருவகை அவரையிலிருந்து லெவோடோப்பாவைப் பிரித்து, இரண்டரை கிராம் தாமே விழுங்கி, வாந்தியெடுத்து, இதனால் பெரும் பயனில்லை என்று முடிவு கட்டினார். 1937இல் நம் சென்னையில், சேப்பாக்கத்துப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில், தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையில் அதே பொருளைக் கண்டறிந்து வெளியிட்டனர். அது எந்த நோய்க்கு மருந்து என்று அன்று உலகில் ஒருவருக்கும் தெரியாது. முப்பதாண்டு கழித்து, 1967இல், அமெரிக்காவில் கோட்சியாஸ் அப்பொருளைச் சிறுகச் சிறுக உயர்த்திப் பேரளவில் கொடுத்தபோதுதான் முடங்கிக் கிடந்தவர்கள் நடந்தார்கள். பூனைக்காலி விதைப்பொடியையே நேராக எட்டு நோயாளிகளுக்குக் கொடுத்துச் செய்த சோதனை 2004இல் இலண்டனிலிருந்து வெளிவந்தது. வழக்கமான மாத்திரையைவிட விரைந்து வேலை செய்ததாக அது கூறிற்று. எட்டுப் பேர் என்பதை மறக்கலாகாது.

லெவோடோப்பா உடலை அசைத்தது, அறிவைக் காக்கவில்லை. நடுக்கத்துக்கு அதற்கு முன்னரே வழங்கிவந்த மருந்துகளோ அறிவுக்குத் தீங்கே விளைத்தன. 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் சார்க்கோவின் மருத்துவமனையில் நடுக்கத்துக்கு ஊமத்தைக் குடும்பத்துச் செடிகளின் சத்து தரப்பட்டது. அதே வழியில் பின்னர்ச் செயற்கையாக ஆக்கப்பட்ட டிரைஹெக்சிபெனிடில் இன்றும் மருந்துக்கடைகளில் உண்டு. இவை மூளையில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளின் வேலையைத் தடுப்பவை. நடுக்கம் அடங்கும், முதியோருக்கு மனம் மங்கும். ஊமத்தை தின்றவன் உளறுவான் என்பது நாடறிந்த உண்மைதானே. இதற்கு நேர் எதிர்த்திசையில், அசிட்டைல்கோலினை நீடிக்கச் செய்யும் ரிவாஸ்டிக்மின் என்னும் அல்சைமர் மருந்தை நடுக்குவாத மறதிநோயாளர் 541 பேரிடம் சோதித்துச் சிறிதளவு பயன் உண்டு என்று 2004இல் அறிவித்தனர். 2006இல் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தந்தது. ஒரு நோயின் மருந்து அடுத்த நோயின் அறிதிறனுக்கு உதவியதற்கு உறுதியான எடுத்துக்காட்டு இதுவே. ஆயினும் அது தளர்ந்த அறிவுக்கு ஊன்றுகோல் தருகிறதேயன்றி, தளர்ச்சியைத் தடுக்கவில்லை.

மூன்றாவது நம் ஆடாதோடை. நீலகிரியில் சின்கோனா மரங்களிலிருந்து குயினா எடுக்கும் பணிக்காகச் சென்னை அரசாங்கம் உதகையில் ஒரு வேதியியலரை வைத்திருந்தது. டேவிட் ஹூப்பர் என்ற அவர் நம் நாட்டு மூலிகைகளிலும் ஈடுபாடு கொண்டு, 1888இல் ஆடாதோடை இலையின் காரப்பொருளைப் பிரித்து 'வாசிசின்' என்று அறிவித்தார். பின்னர் இப்பொருள் வேறொரு செடியிலும் கிடைத்தது. அச்செடி அரபு, பாரசீக மருத்துவத்தில் புகழ்பெற்ற 'ஹர்மல்'. கண்ணேறு கழிய ஈரானிய இல்லங்களில் இஸ்பந்து என்று தணலில் தூவிப் புகைக்கப்படும் விதை அதுவே. அந்த விதையிலுள்ள ஹார்மின் என்னும் பொருளைத் தென்னமெரிக்கக் கொடியொன்றிலிருந்து எடுத்து, 1928இல் பெர்லினில் நடுக்குவாதத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சில காலம் பரபரப்பாகப் பேசப்பட்டு அது மறைந்தது. ஆடாதோடையின் இருமல் பொருளும், நடுக்கத்துக்கென ஒரு காலத்தில் சோதிக்கப்பட்ட பொருளும் ஒரே ஹர்மல் விதைக்குள் குடியிருந்தது தற்செயலே என்றாலும், சுவையான தற்செயல்.

வாசிசினை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மானிய வேதியியலர் ஆக்கிய புரோம்ஹெக்சின் 1963இல் கடைக்கு வந்தது. கோழையை இளக்குவது அதன் வேலை. அது உடலுக்குள் சென்றதும் மாறி உருக்கொள்ளும் பொருளே அம்ப்ராக்சால். 1970களின் இறுதியிலிருந்து அதுவே தனி மருந்தாக விற்கப்படுகிறது. ஆடாதோடைக்கும் அம்ப்ராக்சாலுக்கும் உள்ள உறவு பாட்டிக்கும் பேரனுக்கும் உள்ள உறவு. முகச்சாயல் உண்டு, ஆள் வேறு.

இந்தப் பேரன் மூளைக்குள் நுழைந்த கதைக்குக் கோஷே நோய் என்னும் அரிய பரம்பரை நோய் இடைவழி ஆயிற்று. உடற்கலங்களில் கழிவை அரைத்துத் தீர்க்கும் லைசோசோம் என்னும் பைகள் உண்டு. அங்கே ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் நொதி குளுக்கோசெரிப்ரோசிடேஸ். தாய், தந்தை இருவழியிலும் பழுதான மரபணுவைப் பெற்றவருக்கு அந்நொதி குன்றி, மண்ணீரல் வீங்கி, எலும்பு நலிகிறது. இதுவே கோஷே நோய். இந்நோயாளரின் குடும்பத்தாரிடையே நடுக்குவாதம் மிகுதியாகக் காணப்படுவதைக் கூர்ந்த மருத்துவர்கள் கவனித்தனர். பதினாறு மையங்கள் சேர்ந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நடுக்குவாத நோயாளரை ஆராய்ந்து 2009இல் அதனை உறுதிசெய்தன: அம்மரபணுவின் பழுது நடுக்குவாதம் உள்ளோரிடம் பிறரைவிட ஐந்து மடங்குக்கு மேல் காணப்பட்டது. அப்பழுது உடையோருக்கு அறிவுத்தேய்வும் விரைந்து வருகிறது. கழிவரைக்கும் பை மந்தமானால் ஆல்ஃபா சைனுக்ளின் என்னும் புரதம் நரம்புக் கலங்களில் சுருண்டு தேங்குகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

அதே 2009இல் கனடாவின் டொராண்டோவில், கோஷே நோய்க்கு மருந்து தேடியவர்கள் ஏற்கெனவே பயன்பாட்டில் இருந்த சுமார் ஆயிரம் மருந்துகளை ஒவ்வொன்றாக அந்நொதியுடன் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றுள் நொதியைத் தாங்கிப் பிடித்து உரிய இடத்துக்குக் கொண்டு சேர்த்தது இருமல் மருந்தான அம்ப்ராக்சால். 2020இல் இலண்டன் ஆய்வாளர்கள் பதினேழு நடுக்குவாத நோயாளருக்கு அதனைக் கொடுத்து, அது மூளைத் தண்டுவட நீருக்குள் செல்கிறது என்றும், அங்கே நொதியின் அளவு சுமார் 35 விழுக்காடு உயர்கிறது என்றும் காட்டினர். ஆனால் ஒப்பிடுவதற்கு வெற்று மாத்திரை உண்ட குழு அதில் இல்லை. அக்குறையைப் போக்கிய ஆய்வு கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்து லண்டன் நகரில் நடந்து, 2025இல் வெளியாயிற்று. நடுக்குவாதத்துடன் மறதிநோயும் உடைய 55 பேர், ஓராண்டு. நம் நண்பர் கையில் இருந்த துணுக்கு இதனைப் பற்றியதே.

முடிவு என்ன? எதற்காக ஆய்வு தொடங்கப்பட்டதோ அந்த அறிதிறன் அளவீட்டில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருந்து பாதுகாப்பாக இருந்தது. மனநலக் குறிகள் வெற்று மாத்திரைக் குழுவில் மோசமாயின, மருந்துண்டவர்களிடம் நிலைத்து நின்றன. மூளைச் சேதத்தைக் காட்டும் இரத்தக் குறியீடு ஒன்றும் அவ்வாறே. மேற்சொன்ன மரபணு வேறுபாடு உடைய சிலருக்கு அறிவு சற்றுத் தேறியதாகவும் தோன்றிற்று. அச்சிலர் மிகச் சிலரே. நாளிதழ் இதில் பின்பகுதியை மட்டும் அச்சிட்டிருந்தது.

அல்கானூனின் இரண்டாம் பகுதியில் தனிமருந்துகளைப் பற்றிப் பேசப் புகுமுன், சோதனையால் மருந்தை அறிவதற்கு இப்னு சீனா அவர்கள் ஏழு நிபந்தனைகளை வகுக்கிறார்கள். மருந்தில் வேற்றுக்குணம் கலந்திருக்கலாகாது. ஒற்றை நோயில் சோதிக்க வேண்டும், பல நோய் கலந்த நிலையில் அன்று. எதிரெதிரான நோய்களிலும் பார்க்க வேண்டும். மருந்தின் வலிமை நோயின் வலிமைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பலன் எப்போது தோன்றியது என்று கவனிக்க வேண்டும். அது எப்போதுமோ பெரும்பாலுமோ நிகழ வேண்டும். ஒருமுறை நிகழ்ந்தது தற்செயலாகலாம். இறுதியாக, சோதனை மனித உடலில் நடக்க வேண்டும். நவீன ஆய்வுமுறை முழுவதும் இதில் அடங்கிவிட்டது என்று மார்தட்டுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. குலுக்கல் முறையில் குழு பிரிப்பதும் வெற்று மாத்திரையும் பின்னாளில் வந்தவை. எனினும் நண்பரின் கேள்வியை இந்த நிபந்தனைகளில் வைத்துப் பார்த்தபோது நமக்கே தெளிவு பிறந்தது.

வலிமை என்பதை எடுத்துக்கொள்வோம். இருமலுக்குப் பெரியவர்கள் உண்பது நாளொன்றுக்குச் சுமார் 90 மில்லிகிராம் அம்ப்ராக்சால். கனடாவில் தந்தது 1050 மில்லிகிராம். ஆடாதோடைக் கஷாயத்தில் அம்ப்ராக்சால் சிறிதும் இல்லை. அதன் மூதாதையான வாசிசின்தான் உண்டு, அது அந்த நொதிக்கு என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. வேற்றுக்குணம் கலவாமை என்னும் முதல் நிபந்தனை இன்னும் முக்கியமானது. நம் கடைகளில் அம்ப்ராக்சால் பெயரில் விற்கும் இருமல் பாகுகள் பலவற்றில் மூச்சுக்குழலை விரிக்கும் சால்புட்டமாலோ டெர்புட்டலினோ கலந்திருக்கும். அவ்விரண்டும் கைநடுக்கத்தை உண்டாக்குபவை. தந்தையின் நடுக்கநோய்க்கு மருந்தென்று பத்து மடங்கு பாகை ஊற்றிக் கொடுத்தால் நெஞ்சு படபடக்கும், நடுக்கம் இரட்டிக்கும். அவருடைய வயதில் உயிருக்கே இடர் நேரலாம்.

இவற்றை நண்பரிடம் சொல்லி, பாகுக் குப்பியைத் திறக்க வேண்டாம் என்றோம். தந்தையார் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுமாறும் கூறினோம். சென்றார்கள். பையின் அடியில், எப்போதோ யாரோ எழுதித் தந்து, கேட்பாரின்றித் தொடர்ந்துவந்த டிரைஹெக்சிபெனிடில் இருந்தது. மருத்துவர் அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினார்.

பிரிட்டனில் 330 பேரை இரண்டாண்டு பின்தொடரத் திட்டமிட்டு, அம்ப்ராக்சாலுக்கான மூன்றாம் கட்டச் சோதனை 2025இல் தொடங்கப்பட்டது. அதன் விடை வரச் சில ஆண்டுகள் ஆகும். சென்ற முறை நாம் தென்காசி சென்றிருந்தபோது ஹஜ்ரத்தின் கைநடுக்கம் முன்னைவிடச் சற்றுக் கூடியிருந்தது. ஓதும்போது நிற்பது நீங்கிவிடவில்லை, ஆனால் குறைந்திருந்தது. நம்மைப் பெயர்சொல்லி அழைத்து, சாரலில் நனைந்து வந்ததற்குக் கடிந்துகொண்டார்கள். வீட்டார் நமக்கு ஆடாதோடைக் கஷாயம் கொடுத்தார்கள். நமக்கு அன்று இருமல் இருந்தது.